சென்னை: மூன்று ரயில், ஒரு பேருந்து, நடுவில் நடக்கும் தூரம். திட்டத்தை எங்கே தொடங்குவது?

#1 தாம்பரம்_லோக்கல்

எல்லோருக்கும் வணக்கம்.

22 ஆண்டுகளாகக் கூடுவாஞ்சேரியிலிருந்து நகருக்குள் வேலைக்குப் போய்வருகிறேன். என் வாழ்நாளைத் தின்றது ரயிலில் உட்கார்ந்திருந்த நேரம் என்று முன்பு நினைத்திருந்தேன். ஒரு மாதம் நோட்டில் குறித்துப் பார்த்தபோது வேறு கணக்கு வந்தது. ஓடும் வண்டியில் இருந்த நேரம் ஒரு பங்கு என்றால், இறங்கி நடந்து, படியேறி, சாலையைக் கடந்து, அடுத்த வண்டிக்காக நின்ற நேரம் ஏறத்தாழ அதே அளவு. அதை எந்தத் திட்டப் படத்திலும் யாரும் வரைவதில்லை.

இந்த ஊருக்கு வண்டிகள் புதிதல்ல. இந்தியாவின் முதல் மின்சார டிராம் 1895-இல் இங்கேதான் ஓடியது. 1931-இல் கடற்கரை–தாம்பரம் மின்சார ரயில் வந்தது. 1953-இல் டிராமை நிறுத்தினோம். 1995-இல் தூண்களின் மேல் ஓடும் பறக்கும் ரயில் சேப்பாக்கம் வரை வந்தது. 2015-இல் கோயம்பேட்டுக்கும் ஆலந்தூருக்கும் இடையே மெட்ரோ தொடங்கி, முதல் கட்டத்தில் 54 கிலோமீட்டருக்கு நீண்டது. இரண்டாம் கட்டம் 118.9 கிலோமீட்டர், 63,246 கோடி ரூபாய். ஒவ்வொன்றும் அதனதன் காலத்தில் நல்ல எண்ணத்தோடு வந்ததுதான். ஆனால் ஒவ்வொன்றும் மற்றது இல்லாத ஊரில் கட்டப்பட்டதைப் போலக் கட்டப்பட்டது.

சென்ட்ரலை எடுத்துக்கொள்ளுங்கள். வெளியூர் ரயிலுக்கு ஒரு நிலையம். அரக்கோணம், கும்மிடிப்பூண்டி மின்சார ரயிலுக்குப் பக்கத்தில் மூர் மார்க்கெட் நிலையம். தாம்பரம் ரயிலுக்குப் பூந்தமல்லி நெடுஞ்சாலையைத் தாண்டிப் பூங்கா நிலையம். பறக்கும் ரயிலுக்குப் பூங்கா நகர் நிலையம். பூமிக்கடியில் இரண்டு மெட்ரோ தடங்கள். நடுவே பேருந்து நிறுத்தங்கள். இத்தனையும் மாநகராட்சியின் ரிப்பன் மாளிகையின் கண்ணெதிரில். வேறு ஊர் என்றால் இதை ஒரே நிலையம் என்று பெயரிட்டு ஒரே கூரையின்கீழ் கொண்டுவந்திருப்பார்கள்.

என் முன்மொழிவு இதுதான்: அடுத்த பத்து ஆண்டுத் திட்டத்தை வண்டி மாறும் இடங்களிலிருந்து தொடங்கி எழுத வேண்டும். சென்ட்ரல், எழும்பூர், கிண்டி, பரங்கிமலை, தாம்பரம், திருமயிலை, கோயம்பேடு, கிளாம்பாக்கம் போன்ற இடங்களில் இறங்கும் இடத்திலிருந்து ஏறும் இடம் மூன்று நிமிட நடையில், நிழலில் இருக்க வேண்டும். சாலையில் உயிரைப் பணயம் வைக்காமல் போய்ச் சேர முடிய வேண்டும். பாதைகளை அதன் பிறகு சேர்க்கலாம். எங்கே தவறுகிறேன் என்று சொல்லுங்கள்.

#2 பாறைத்துளை

நான் கட்டுமானப் பொறியாளர். சுரங்கத் தடங்களில் வேலை பார்த்திருக்கிறேன். உங்கள் அக்கறை புரிகிறது, முடிவை ஏற்க முடியவில்லை.

பெருநகரத்துக்கு முதுகெலும்பு வேண்டும். நான்கு பெட்டி மெட்ரோ ஒன்றில் ஏறத்தாழ 1,200 பேர் போகலாம். மூன்று நிமிடத்துக்கு ஒன்று விட்டால் மணிக்கு ஒரு திசையில் 24,000 பேர். எந்தச் சாலையிலும் சாதாரணப் பேருந்தை வைத்து இதைச் செய்ய முடியாது. பழைய மகாபலிபுரம் சாலையை ஆறு வழிச் சாலையாக முதலில் போட்டு, அலுவலகக் கட்டடங்களை வரிசையாக எழுப்பி, ரயிலைப் பிறகு யோசித்தோம். விளைவை அந்தச் சாலையில் போகும் ஒவ்வொருவரும் அறிவார்கள். வண்டி மாறும் சந்திப்புகளைச் செம்மைப்படுத்த வேண்டும்தான். ஆனால் செல்ல வேண்டிய இடத்துக்குத் தடமே இல்லாதவருக்கு அழகான சந்திப்பு எதற்கு? மாதவரத்துக்காரருக்கும் பூந்தமல்லிக்காரருக்கும் முதலில் பாதை வேண்டும்.

#3 நேரக்காப்பாளர்

இருவருக்கும் வணக்கம். அரசுப் பேருந்துப் பணிமனை ஒன்றில் நேரக் காப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். சென்னையில் இல்லை, தெற்கே. ரயிலைப் பற்றி எனக்குத் தெரியாது. பேருந்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்கிறேன், ஏனென்றால் இந்த இழையில் இதுவரை பேருந்து துணைப் பாத்திரமாகவே வருகிறது. மாநகரப் பேருந்துகள் 3,000-க்குச் சற்று மேல் இருக்கின்றன. மெட்ரோ எத்தனை கிலோமீட்டர் வளர்ந்தாலும் அதன் நிலையத்திலிருந்து வீட்டுக்குக் கூட்டிப்போவது இந்த வண்டிதான்.

"நாற்பது நிமிடம் ஒரு வண்டியும் வரவில்லை, பிறகு மூன்று சேர்ந்து வந்தன" என்று திட்டாத பயணி இல்லை. ஓட்டுநர்கள் டீ குடித்துவிட்டுச் சேர்ந்து வருகிறார்கள் என்று மக்கள் நினைக்கிறார்கள். நடப்பது வேறு. முதல் வண்டி ஒரு சிக்னலில் மூன்று நிமிடம் தாமதமாகிறது. அந்த மூன்று நிமிடத்தில் அடுத்த நிறுத்தத்தில் கூடுதலாக ஆள் சேர்கிறது. அவர்களை ஏற்ற நேரமாகிறது, மேலும் தாமதம். பின்னால் வரும் வண்டிக்கு ஏற்ற ஆளே இல்லை, அது வேகமாக வந்து முதல் வண்டியின் வாலைப் பிடிக்கிறது. முன்னது பிதுங்கும், பின்னது காலியாக வரும். ஓட்டுநர் மேல் பழியில்லை. சாலையில் வண்டி சிக்கிக்கொள்வதன் பலன் இது.

இப்போது ஒரு கணக்கு. 16 கிலோமீட்டர் தடம். வண்டி மணிக்கு 12 கிலோமீட்டர் வேகத்தில் போனால் ஒரு நடைக்கு, அதாவது ஒருவழிப் பயணத்துக்கு, 80 நிமிடம். போகவர 160, இரு முனையிலும் ஓய்வு சேர்த்து 20, ஆக 180 நிமிடம். பத்து நிமிடத்துக்கு ஒரு வண்டி விட வேண்டுமானால் 18 வண்டி தேவை. அதே சாலையில் பேருந்துக்கென்று ஓர் ஓரத்தை ஒதுக்கி, வேகத்தை 16-க்கு உயர்த்துங்கள். ஒரு நடை 60 நிமிடம். போகவர 120, ஓய்வு 20, மொத்தம் 140. இப்போது 14 வண்டி போதும். நான்கு வண்டி, நான்கு வண்டிக்கான ஓட்டுநர், நடத்துநர், டீசல் எல்லாம் மிச்சம். அந்த நான்கையும் அதே தடத்தில் விட்டால் எட்டு நிமிடத்துக்கு ஒரு வண்டி. புதிய வண்டி ஒன்றுகூட வாங்காமல்!

தாம்பரம்_லோக்கல் தம்பி சொல்லும் சந்திப்புக்கு நான் ஒரு நிபந்தனை சேர்ப்பேன். ஏறும் இடம் மூன்று நிமிட நடையில் இருந்தும், அடுத்த வண்டி அரை மணி நேரம் கழித்து வந்தால் அந்த நடையைச் சுருக்கிப் பயனில்லை. பத்து நிமிடத்துக்கு ஒரு வண்டி என்றால் மனிதர் நேர அட்டவணையைப் பார்க்க மாட்டார். கிளம்பி வந்துவிடுவார்.

#4 பெரம்பூர்க்_கடை

நேரக்காப்பாளர் ஐயாவின் கணக்கு காகிதத்தில் சரியாக இருக்கிறது. பேருந்துக்கு ஓரம் ஒதுக்கினால் அந்த ஓரத்தில் இன்று என்ன இருக்கிறது என்று யாரும் கேட்கவில்லை. என் கடை வாசல் இருக்கிறது. சரக்கு இறக்கும் வண்டி நிற்கிறது. வாடிக்கையாளரின் இருசக்கர வண்டி நிற்கிறது. அந்த வண்டி நிற்க இடமில்லை என்றால் அவர் அடுத்த தெருவிலும் நிறுத்த மாட்டார், போனில் ஆர்டர் கொடுத்துவிடுவார். மெட்ரோ வேலைக்காகத் தடுப்பு வைத்த சாலைகளில் பல கடைகள் நொடித்துப்போனதைக் கண்ணால் பார்த்தேன். திட்டம் போடுகிறவர்கள் எங்களிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள்.

#5 நடைவாசி

நான் ஒரு பள்ளி ஆசிரியை. இந்த விவாதத்தில் இதுவரை வந்த பயணி எல்லோரும் காலையில் ஓரிடத்துக்குப் போய் மாலையில் திரும்பி வருகிறார்கள். என் பயணம் அப்படி இருப்பதில்லை. காலையில் மகளை அவளுடைய பள்ளியில் விட்டு, என் பள்ளிக்குப் போய், திரும்பும்போது மாமியாருக்கு மருந்து, காய்கறி, சில நாள் ரேஷன் கடை என்று நான்கு நிறுத்தம். நான் அறிந்த பெண்கள் பெரும்பாலோர் இப்படித்தான் கோத்துக் கோத்துப் போய்வருகிறார்கள். 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் எங்களுக்குக் கட்டணமில்லை. அதனால்தான் இத்தனை நிறுத்தங்களும் சாத்தியமாயின. முன்பு ஒவ்வோர் ஏற்றத்துக்கும் காசு என்பதால் பாதி வழி நடந்துவிடுவோம். ஆகவே பெருந்தடத்தை மட்டும் பார்த்துத் திட்டம் போட்டால் பயணிகளில் பாதிப் பேர் கணக்கிலேயே வரமாட்டார்கள்.

அடுத்தது நடைபாதை. எல்லாப் பயணமும் நடையில் தொடங்கி நடையில் முடிகிறது. இதை அரசும் ஒப்புக்கொண்டிருக்கிறது. 2014-இல் சென்னை மாநகராட்சி நடைக்கும் மிதிவண்டிக்கும் தனிக் கொள்கை வகுத்து, போக்குவரத்துக்கான தன் செலவில் 60 விழுக்காட்டை அதற்கு ஒதுக்குவதாகச் சொன்னது. இந்திய நகரங்களுக்கு முன்மாதிரி என்று அப்போது பாராட்டினார்கள். 2019-இல் பாண்டி பஜாரில் அகல நடைபாதை திறந்தபோது நான் மகளைக் கையை விட்டு நடக்கவிட்டேன். சென்னையில் ஒரு பெரிய சாலையில் அப்படி நடக்கவிட்டது அதுவே முதல் முறை. அந்தக் கொள்கை பிற தெருக்களுக்கு அதே அளவில் வந்து சேரவில்லை. நடைபாதை போடுகிறார்கள், பிறகு அதில் மின்பெட்டி வருகிறது, மழைநீர் வடிகாலின் மூடி ஓரடி உயர்ந்து நிற்கிறது, நடுவில் ஒரு மரம், அதற்கப்பால் ஒரு வண்டி. கடைசியில் எல்லோரும் சாலையில் இறங்குகிறோம்.

ஒரு நிலையத்துக்கு அரை கிலோமீட்டர் வரை மக்கள் நடந்து வருவார்கள் என்று வைத்துக்கொள்வோம். தெரு நன்றாக இருந்து ஒரு கிலோமீட்டர் வரை நடக்கத் துணிந்தால், அந்த நிலையம் தொடும் பரப்பு இரண்டு மடங்கன்று, நான்கு மடங்கு. வட்டத்தின் பரப்பை ஏழாம் வகுப்பில் சொல்லித் தருகிறேன். பாறைத்துளை அவர்களே, இன்னொரு சுரங்கம் தோண்டாமல் உங்கள் நிலையத்துக்கு நான்கு மடங்கு மக்களை அனுப்புவது என் நடைபாதை.

#6 நேரக்காப்பாளர்

மேற்கோள்: *"என் கடை வாசல் இருக்கிறது. சரக்கு இறக்கும் வண்டி நிற்கிறது."*

நியாயமான கேள்வி, பெரம்பூர்க்கடை. பேருந்துக்கு ஓரம் நாள் முழுதும் தேவையில்லை. காலை 7 முதல் 11 வரை, மாலை 4 முதல் 9 வரை இருந்தால் பெரும்பகுதி தீர்ந்தது. சரக்கை அதிகாலையிலும் நண்பகலிலும் இறக்கலாம். 29சி-யைப் போல பெசன்ட் நகரிலிருந்து உங்கள் பெரம்பூர் வரை வரும் தடத்தில் தினமும் எத்தனை பேர் இறங்குகிறார்கள் என்று ஒரு வாரம் எண்ணிப் பாருங்கள். உங்கள் வாசலில் ஒரே நேரத்தில் நான்கு வண்டிதான் நிற்க முடியும். ஒரு பேருந்து ஒரே நிறுத்தத்தில் பதினைந்து பேரை இறக்கிவிட்டுப் போகிறது.

#7 லிம்மத்_கரை

எல்லோருக்கும் வணக்கம். நான் யாழ்ப்பாணத்தில் பிறந்தவன். 30 வருடத்துக்கு மேலாகச் சுவிட்சர்லாந்தில், சூரிச்சில் இருக்கிறேன். இந்த நகரத்தின் கதை உங்கள் விவாதத்துக்கு நேரடியாகப் பொருந்தும் என்று தோன்றியதால் எழுதுகிறேன்.

சூரிச் மக்களிடம் 1962-இல் டிராமை நிலத்தடிக்கு அனுப்பலாமா என்று வாக்கெடுப்பில் கேட்டார்கள். வேண்டாம் என்றார்கள். 1973-இல் நிலத்தடிப் புகையிரதம் கட்டலாமா என்று கேட்டார்கள். அதையும் நிராகரித்தார்கள். பிறகு 1977-இல், இருக்கிற டிராமையும் பேருந்தையும் வேகமாக்க 200 மில்லியன் பிராங்க் ஒதுக்கும் முன்மொழிவு வந்தது. அதற்குச் சம்மதித்தார்கள். அந்தப் பணத்தில் செய்தவை பார்வைக்குச் சின்ன வேலைகள்: டிராம் வருவதைத் தரையிலுள்ள கருவி உணர்ந்து சிக்னலைப் பச்சையாக்குவது, சாலையில் தனி ஓரம், நிறுத்தத்தை நடைபாதையோடு சேர்ப்பது. நான் வந்த புதிதில் சந்திக்குச் சந்தி டிராம் நில்லாமல் போவதை அதிசயமாகப் பார்த்திருக்கிறேன்.

1990 மே மாதத்தில் நகரப் புறப் புகையிரதமும், எல்லாப் போக்குவரத்தையும் இணைக்கும் கூட்டமைப்பும் ஒன்றாகத் தொடங்கின. அன்றிலிருந்து பயணச்சீட்டு வலயத்துக்குத்தான், வண்டிக்கு இல்லை. புகையிரதம், டிராம், பேருந்து, ஏரிப் படகு எதில் ஏறினாலும் அதே சீட்டு. வண்டிகளை வைத்திருக்கும் நிறுவனங்கள் வேறு வேறு. பயணிக்கு அது தெரிய வேண்டிய அவசியமே இல்லை. இன்னொன்று: கிராமப் பேருந்து புகையிரதம் வருவதற்குச் சில நிமிடம் முன்னர் நிலையத்துக்கு வந்து, புகையிரதம் போனபின் கிளம்பும். நேர அட்டவணையை அப்படிச் சேர்த்துத் தைத்திருக்கிறார்கள். கொங்கிரீட் இல்லாமல் கட்டிய சந்திப்பு அது.

#8 பாறைத்துளை

லிம்மத்_கரை அவர்களுக்கு நன்றி. சூரிச் நகரின் மக்கள்தொகை ஐந்து லட்சத்தைத் தொடாது. சென்னைப் பெருநகரப் பகுதியை 2022-இல் 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 சதுர கிலோமீட்டருக்கு விரித்துவிட்டார்கள். அங்கே நிலத்தடி ரயில் வேண்டாம் என்று சொல்ல முடிந்தது, இங்கே முடியாது. அந்தக் கருத்தில் நான் மாறவில்லை.

ஆனால் அட்டவணையைத் தைப்பது பற்றி நீங்கள் எழுதியது என்னைத் தூங்கவிடவில்லை. ஒரு நிலையத்தை வடிவமைக்கும்போது அதன் வாசல் எந்தப் பக்கம் திறக்க வேண்டும் என்பதை எங்கள் நிலத்தின் எல்லை தீர்மானிக்கிறது. பேருந்து நிறுத்தம் எங்கே என்பதை வேறொரு துறை. நடைபாதை மாநகராட்சிக்கு, சில சாலைகளில் நெடுஞ்சாலைத் துறைக்கு. சிக்னல் காவல்துறைக்கு. எங்கள் வரைபடத்தில் நிலையத்தின் எல்லைக்கோட்டுக்கு அப்பால் வெள்ளைத் தாள்தான். இதற்காகவே ஒருங்கிணைந்த பெருநகரப் போக்குவரத்துக் குழுமம் வேண்டும் என்று 2010-இல் சட்டம் இயற்றினார்கள். கும்டா என்று சொல்கிறோமே, அதுதான். அது உண்மையில் எழுந்து நிற்கவே பத்தாண்டுக்கு மேல் ஆனது. முதல் கட்ட மெட்ரோ முழுவதும் அந்த இடைவெளியில்தான் கட்டி முடிக்கப்பட்டது.

தி.நகரில் மாம்பலம் ரயில் நிலையத்தையும் பேருந்து நிலையத்தையும் இணைக்கும் 570 மீட்டர் ஆகாய நடைபாதை 2023-இல் திறந்தது. செலவு 28 கோடி ரூபாய் அளவில். இரண்டாம் கட்ட மெட்ரோவில் ஒரு கிலோமீட்டருக்குச் சராசரி 530 கோடி ரூபாய் ஆகிறது. ஒரு கிலோமீட்டர் தடத்தின் விலையில் இப்படிப் பதினெட்டு இணைப்புகள் கட்டலாம். இந்தக் கணக்கை நானே போட்டுவிட்டு மறைக்க முடியாது.

#9 தாம்பரம்_லோக்கல்

பாறைத்துளை, மனம் திறந்து எழுதியதற்கு நன்றி. உங்கள் பக்கத்து நியாயத்தையும் ஒப்புக்கொள்கிறேன். தடம் இல்லாதவருக்குச் சந்திப்பு பயன்படாது. இரண்டையும் ஒரே கோப்பில் வைத்து ஒப்புதல் கொடுங்கள் என்பதாக என் முன்மொழிவைத் திருத்திக்கொள்கிறேன். கிளாம்பாக்கம் பேருந்து முனையம் 2023 டிசம்பர் 30 அன்று திறந்தபோது, பக்கத்திலேயே ஓடும் மின்சார ரயிலுக்கு அங்கே நிலையம் இல்லை. தென்மாவட்டத்திலிருந்து மூட்டை முடிச்சோடு விடியற்காலையில் வந்து இறங்குகிறவர்களுக்காகக் கட்டியது அது. தண்டவாளம் அந்த வழியாக எத்தனையோ தலைமுறைகளாக ஓடுகிறது. முனையமும் நிலையமும் ஒரே நாளில் திறந்திருக்க வேண்டும்.

பறக்கும் ரயில் 2007-இல் வேளச்சேரிக்கு வந்தது. அங்கிருந்து பரங்கிமலைக்கு ஐந்து கிலோமீட்டர். அரை கிலோமீட்டர் நிலத்துக்கான வழக்கில் அந்த வேலை ஆண்டுக்கணக்கில் முடங்கிக் கிடந்தது. அந்த ஐந்து கிலோமீட்டர்தான் பறக்கும் ரயிலை, தாம்பரம் ரயிலோடும் மெட்ரோவோடும் முடிச்சுப் போடும் கயிறு.

கட்டணத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். மின்சார ரயிலில் குறைந்த கட்டணம் 5 ரூபாய், மெட்ரோவில் 10, சாதாரணப் பேருந்தில் 5. எங்கும் முதல் சில கிலோமீட்டருக்குத்தான் விலை அதிகம். தூரம் கூடக் கூடக் கிலோமீட்டருக்கான காசு குறையும். மூன்று வண்டி மாறுகிறவர் அந்த விலை மிகுந்த முதல் கிலோமீட்டரை மூன்று முறை வாங்குகிறார். நேர்த் தடம் இல்லாத ஏழைப் பயணிக்குத்தான் இந்த அபராதம். 2025 செப்டம்பரில் வந்த சென்னை ஒன் செயலியில் பேருந்து, மெட்ரோ, மின்சார ரயில் மூன்றுக்கும் சேர்த்து டிக்கெட் எடுக்க முடிகிறது. அதை மனமார வரவேற்கிறேன். டிக்கெட் ஒன்றாகிவிட்டது, கட்டணம் ஒன்றாக வேண்டும். சூரிச்சில் வலயம் வைத்ததைப் போல இங்கேயும் தூரத்துக்கு ஒரே விலை வைக்க வேண்டும். ஓரிடத்தில் ஏறி ஒன்றரை மணி நேரத்துக்குள் எத்தனை வண்டி மாறினாலும் அதை ஒரே பயணமாகக் கணக்கிட வேண்டும்.

#10 ஆற்றோரம்

நீடித்து நிலைக்கும் போக்குவரத்து என்று பேசும்போது புகையை மட்டும் பேசுகிறோம். நான் தண்ணீரைப் பற்றிப் பேச வருகிறேன்.

பறக்கும் ரயிலுக்கு நிலம் எங்கே கிடைத்தது? பக்கிங்காம் கால்வாயில். யாரையும் எழுப்ப வேண்டாம், யாருக்கும் பணம் தர வேண்டாம் என்பதால் கால்வாய்க்குள்ளும் கரையிலும் தூண்களை நட்டார்கள். வடக்கு–தெற்காக ஓடி மழைநீரை வாங்கிக் கடலுக்கு விட வேண்டிய கால்வாய் பல இடங்களில் ஓடையாகச் சுருங்கியது. ரயில் கிடைத்தது, 2015 டிசம்பரில் வெள்ளமும் கிடைத்தது. வெள்ளத்துக்கு அது ஒன்றே காரணம் என்று சொல்லவில்லை. தெற்கே பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தைச் சுற்றிச் சாலையும் கட்டடமும் எழுந்து அதைக் கடித்துத் தின்றன. 2022-இல் அது உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தபோது மிச்சமிருந்தது பழைய பரப்பின் ஒரு சிறு பகுதி. மலிவாகக் கிடைக்கிறது என்று நீர்வழியில் பாதை போடும் பழக்கத்தை அடுத்த திட்டத்தின் முதல் பக்கத்திலேயே தடை செய்ய வேண்டும்.

புகைக்கும் ஒரு கணக்கு தருகிறேன். டீசல் பேருந்து லிட்டருக்கு நாலரை கிலோமீட்டர் ஓடும், அதில் 50 பேர் என்றால் ஒரு லிட்டரில் 225 ஆள்–கிலோமீட்டர். காரில் சராசரி ஒன்றரை ஆள், லிட்டருக்கு 15 கிலோமீட்டர் என்று தாராளமாக வைத்தாலும் 22 தான். பத்தில் ஒரு பங்கு. 2025 ஜூனில் வியாசர்பாடிப் பணிமனையிலிருந்து 120 மின்சாரப் பேருந்துகள் ஓடத் தொடங்கின. நல்லது, இன்னும் வர வேண்டும். ஆனால் காரில் வருகிற ஒருவர் பழைய டீசல் பேருந்தில் ஏறினாலே காற்றுக்குப் பெரிய நன்மை. அவர் ஏறுவது வண்டியின் எஞ்சினைப் பார்த்து அல்ல. நேரக்காப்பாளர் சொன்ன பத்து நிமிடத்தைப் பார்த்து.

#11 பெரம்பூர்க்_கடை

ஐயா சொன்னபடி எண்ணிப் பார்த்தேன். ஒரு வாரம் முடியவில்லை, மூன்று நாள். என் கடைக்கு எதிர் நிறுத்தத்தில் மாலை 5 முதல் 7 வரை இறங்கியவர்கள் முதல் நாள் 212, அடுத்த நாள் 187, மூன்றாம் நாள் மழை, 140. அந்த நேரத்தில் என் வாசலில் வண்டி நிறுத்திப் பொருள் வாங்கியவர்கள் மூன்று நாளும் சேர்த்து 41. மழையில் நனைந்தபடி இறங்கியவர்களில் சிலர் என் கடைக் கூரையின்கீழ் ஒதுங்கினார்கள், அவர்களிலும் சிலர் ஏதோ வாங்கினார்கள். நேரம் குறித்த ஓரம் என்றால் நான் எதிர்க்கவில்லை. சரக்கு இறக்கும் நேரத்தை எங்கள் சங்கத்தோடு பேசி வைத்தால் போதும்.

ஒன்று கேட்கிறேன். ஷேர் ஆட்டோவை யாரும் சொல்லவில்லை. எங்கள் பக்கத்தில் பேருந்து நுழையாத தெருக்களிலிருந்து ரயிலடிக்குக் கொண்டுவிடுவது அதுதான். கை காட்டினால் நிற்கும், ஒரு நிமிடத்துக்கு ஒன்று வரும். எந்தத் திட்டத்திலும் அதற்கு இடமில்லை. நிலையத்துக்கு வெளியே நின்றால் விரட்டுகிறார்கள், நிற்க இடம் கொடுத்தால் சாலையை அடைக்க மாட்டார்கள்.

#12 நடைவாசி

மனதைத் தொட்டது, கடைக்காரரே. மூன்று நாள் எண்ணியிருக்கிறீர்கள்!

ஷேர் ஆட்டோ விஷயத்தில் முழுதும் உடன்படுகிறேன். இரவு எட்டரைக்கு மேல் எங்கள் தெருவுக்கு வருவது அது ஒன்றுதான். உரிமம், தடம், கட்டணப் பலகை, நிற்க ஓரிடம், பின் இருக்கையில் வெளிச்சம். இவ்வளவும் கொடுத்து அதைத் திட்டத்துக்குள் எடுத்துக்கொள்ள வேண்டும்.

#13 சமதளம்

இதுவரை படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். நான் சக்கர நாற்காலியில் போய்வருகிறவன்.

தாம்பரம்_லோக்கல் முதல் பதிவில் "மூன்று நிமிட நடை" என்று எழுதினார். யாருடைய மூன்று நிமிடம்? சில மாதங்களுக்கு முன் நகரின் ஒரு பெரிய நிலையத்தில் ரயிலிலிருந்து இறங்கினேன். அடுத்த வண்டி ஏறும் இடம் கண்ணுக்குத் தெரிகிறது, நூறு மீட்டர்கூட இருக்காது. நடுவில் பதினான்கு படி. மின்தூக்கி எதிர் முனையில் இருக்கிறது என்றார்கள். அங்கே போனால், பூட்டியிருந்தது. சாவி வைத்திருந்தவர் வந்துசேர 35 நிமிடம். முன்பின் தெரியாத இருவர் நாற்காலியோடு தூக்கிவிட முன்வந்தார்கள். அவர்களுக்கு நன்றி சொல்லி மறுத்துவிட்டேன். தூக்கிச் செல்லப்படும்போது மனிதன் சுமையாகிவிடுகிறான். எனக்கு வேண்டியது என் கையால் உருட்டிப் போகும் வழி.

தாழ்தளப் பேருந்துகள் 2024-இல் வந்தன. நீதிமன்றம் வரை போராடிப் பெற்றவை அவை. ஆனால் வண்டி தாழ்ந்தால் மட்டும் போதாது. ஓட்டுநர் நடைபாதையை ஒட்டி நிறுத்தினால்தான் சாய்பலகை சரியாக இறங்கும். நிறுத்தத்தில் ஆட்டோவோ காரோ நின்றிருந்தால் பேருந்து சாலை நடுவில் நிற்கிறது. பலகை தரைக்கு இறங்கும்போது செங்குத்தாகிவிடுகிறது. சாய்தளத்துக்கு விதி ஒன்று உண்டு: ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம். பல நிலையங்களில் இருப்பதை ஏறிப் பார்த்தவர்கள் நாங்கள் மட்டும்தான்.

இதை எங்களுக்கான சலுகையாகப் பார்க்காதீர்கள். படியில்லாத வழியில் கர்ப்பிணி போகிறார், முழங்கால் தேய்ந்த பெரியவர் போகிறார், கிளாம்பாக்கத்தில் இறங்கிய மூட்டைக்காரர் போகிறார். நான் போகக்கூடிய சந்திப்பில் எல்லோரும் போகலாம்.

#14 தாம்பரம்_லோக்கல்

சமதளம், என் முதல் பதிவில் எழுதியதைத் திருத்திக்கொள்கிறேன். "மூன்று நிமிட நடை" என்ற இடத்தில் "சக்கர நாற்காலியில் மூன்று நிமிடம்" என்று எல்லோரும் படியுங்கள்.

எல்லோருக்கும் ஒரு வேண்டுகோள். இங்கே பேசியதை அளந்து எழுதினால் கும்டாவுக்கு மனுவாக அனுப்பலாம். வரும் ஞாயிறு காலை சென்ட்ரலில் சந்திப்போம். மூர் மார்க்கெட்டிலிருந்து பூங்கா, பூங்காவிலிருந்து பூங்கா நகர், இரண்டிலிருந்தும் மெட்ரோ, மெட்ரோவிலிருந்து ஒவ்வொரு பேருந்து நிறுத்தம். தூரம், படிகளின் எண்ணிக்கை, மின்தூக்கி இருக்கிறதா, ஓடுகிறதா, நிழல் எவ்வளவு, சாலையை எத்தனை முறை கடக்க வேண்டும். பாறைத்துளை, உங்களிடம் அளவு நாடா இருக்கும். நடைவாசி, உங்கள் மாணவர்கள் யாராவது வரைபடம் போட வருவார்களா?

#15 பாறைத்துளை

நாடாவும் சக்கர அளவியும் கொண்டுவருகிறேன். சாய்தளத்தின் கோணம் பார்க்கக் கருவியும் இருக்கிறது.

#16 நடைவாசி

ஒன்பதாம் வகுப்பிலிருந்து ஆறு பேர், பெற்றோர் சம்மதத்தோடு. என் மகளும் வருவாள்.

#17 நேரக்காப்பாளர்

சென்னைக்கு வர இரவு வண்டி இருக்கிறது. நிறுத்தத்தில் உட்கார்ந்து எந்தத் தடம் எத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை வருகிறது என்று குறிக்கும் வேலையை எனக்கு விட்டுவிடுங்கள். அதற்கு நடக்க வேண்டியதில்லை, என் முழங்காலுக்கும் நல்லது.

#18 சமதளம்

7 மணிக்கு மூர் மார்க்கெட் வாசலில் இருப்பேன். ஒன்று மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: நீங்கள் படியில் இறங்கிப் போகும் இடத்துக்கு நான் வேறு வழியாகச் சுற்றி வருவேன். எனக்காகக் காத்திருக்கும் நேரத்தில் கடிகாரத்தை நிறுத்தாதீர்கள். இரண்டு வழியின் நேரத்தையும் பக்கத்துப் பக்கத்தில் எழுதுங்கள்.